நெஞ்சுக்குள் நின்ற சோறு

நாங்கள் திருவனந்தபுரத்துக்குப் போனது உருளி வாங்க. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு கொழும்பில் பலர், "வருத்தம் என்று தெரிந்து வைத்தியத்துக்குத்தானே போனீர்கள்?" என்று கேட்டார்கள். இல்லை. தவராசா மச்சானுக்குப் பாயசம் காய்ச்ச ஒரு பெரிய வெண்கல உருளி வேண்டியிருந்தது. நான் ஆசிரியன், பாடசாலை விடுமுறை. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். உல்லாசமாக எங்காவது போவது குற்றம் என்கிற நினைப்பு மனதிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. "வா மச்சான், உருளியும் வாங்கி, நாலு இடமும் பாத்து, வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுட்டு வருவம்" என்றார். புறப்பட்டேன்.

தவராசா என் மனைவியின் அண்ணன். வெள்ளவத்தையில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சமையலுக்கு ஆட்கள் இருந்தும், காலையில் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காமல் கடை திறக்கமாட்டார். ருசி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

ஆனால் அவர் சாப்பிடுகிற விதம் தனி. ஒரு வாய் சோறு, ஒரு மிடறு சுடுதண்ணீர். நாங்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, வானொலியில் செய்தி கேட்டு முடிக்கும்போதும் அவர் பாதிச் சோற்றில்தான் இருப்பார். நடுவில் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மார்பை நிமிர்த்தி ஒரு தரம் பலமாக விழுங்குவார். "அண்ணர் சாப்பாட்டைக் கும்பிடுறார்" என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். முடிந்ததும் அவருக்கும் புகையிலையோடு வெற்றிலை வேண்டும். வாய்வுக் கோளாறு என்று ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். படுத்தால் இருமல் வரும். அதற்கு முட்டு, அதாவது இழுப்பு, என்று பெயர் வைத்து இன்னொருவர் வாய்க்குள் அடிக்கிற மருந்து கொடுத்திருந்தார். அந்த வருடம் அவருடைய காற்சட்டைகள் இடுப்பில் நிற்கவில்லை. சீனி வருத்தமாக்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். சீனி இல்லை. அத்தோடு எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

வந்திறங்கிய அன்றே ஒரு குழப்பம். எங்களுக்கு அறை பார்த்து வைத்திருந்தது வலியசாலையில். மச்சான் ஓட்டோக்காரரிடம், "வலிய" என்பதை இருமலில் விழுங்கிவிட்டு "சாலை" என்று மட்டும் சொன்னார். அங்கே சாலை என்றால் வீதி அல்ல, ஒரு பெரிய கடைத்தெரு. அரிசி மூட்டை இறக்குகிற லொறிகளுக்கு நடுவே கொண்டுபோய்ச் சொருகிவிட்டு ஓட்டோக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி மலையாளத்தில் கேட்டது எனக்குப் புரிந்தது: "நீங்கள் பேசுவது தமிழ்தானா? சினிமாவில் இப்படிப் பேசமாட்டார்களே?" சிலோன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மாமன் ஒருவர் அந்தக் காலத்தில் கொழும்பில் கள்ளுக்கடையில் வேலை பார்த்தவராம். மாமனுடைய கதை முடிவதற்குள் வலியசாலைக்கு வந்துவிட்டோம்.

அது ஒரு அக்கிரகாரத் தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், கோயில் முனையில் பூக்கடை. மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த லலிதா மாமி கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ" என்றார். நான் திகைத்து நின்றேன். கடல் தாண்டி வந்து ஒரு பிராமண வீட்டு வாசலில் நின்றால், அச்சொட்டாக என் அம்மா சொல்கிற "வாங்கோ".

"படி ஒசரமாக்கும், பாத்து ஏறுங்கோ. குடிக்க சுக்கு ஜலம் வெச்சிருக்கேன், கேட்டேளா?" என்றார் மாமி.

அன்று மத்தியானம் சாப்பிடப் போன கடையில் மச்சானுக்குச் சொர்க்கம் தெரிந்தது. மேசைக்கு மேசை இளஞ்சிவப்பு நிறத்தில் சூடான தண்ணீர் வைத்திருந்தார்கள். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைப்பதாம். கொழும்பில் கடைக்குக் கடை சுடுதண்ணீர் கேட்டு முகச்சுளிப்பு வாங்கிய மனிதர் இங்கே கேட்காமலேயே குவளை குவளையாகக் குடித்தார். சோறும் எங்கள் சிவப்பரிசி மாதிரிக் கொழுத்த அரிசி. "இது என்ரை ஊர் மச்சான். நான் பிழையான இடத்திலை பிறந்திட்டன்" என்றார். சந்தோஷத்தில் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பரிமாறியவர் மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் புட்டும் கடலையும். புட்டு நல்லது, ஆனால் எங்கள் வீட்டுப் புட்டைவிடக் கட்டி என்பது என் தீர்ப்பு. மச்சான் கடலைக் கறியில் மனதைப் பறிகொடுத்தார். தேங்காயை வறுத்து அரைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டார். நெஞ்சுக்குள் நிற்கிறதாம்.

அன்று முழுக்கக் கோவிலும் கடற்கரையும் சுற்றினோம். அதற்கடுத்த நாள்தான் உருளி பார்க்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம்.

பாத்திரக் கடைக்காரர் செல்லப்பன் நாகர்கோவில் பக்கத்தவர். எங்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். கடைக்குள் நின்றால் பித்தளையும் வெண்கலமும் கண்ணைக் கூசவைத்தன. மச்சான் ஒவ்வொரு உருளியையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். விலை பேசி முடிந்ததும் செல்லப்பன் விடவில்லை. "அண்ணாச்சி, கடல் கடந்து வந்திருக்கிய. நம்ம கூட ஒரு நேரம் சாப்பிடாம போவப்பிடாது" என்று பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்.

சோறு, பருப்பு, அவியல். மச்சான் கொஞ்சம்தான் சாப்பிட்டிருப்பார். திடீரென்று கையை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் அப்படியே வாயோரம் திரும்பி வழிந்தது. எழுந்து கைகளைத் தூக்கினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. பின்பக்கத் தொட்டிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடி அவர் முதுகைப் பிடித்தேன்.

வாந்தி என்று சொல்ல முடியாது. குமட்டல் இல்லை, ஓங்காளம் இல்லை. குனிந்ததும் கொட்டியது, நிரம்பிய குடத்தைச் சரித்தால் கொட்டுவதுபோல. முதலில் அன்றைய சோறு. பிறகு வேறு ஒரு நாற்றம், கழுவாமல் விட்ட வாளி மாதிரி. அதோடு தொட்டியில் விழுந்ததை நான் குனிந்து பார்த்தேன்.

கடலை. முழுசு முழுசாக, தோல் கூட உரியாமல்.

அன்று நாங்கள் கடலை தொடவில்லை. அது முந்தின நாள் காலையில் சாப்பிட்டது.

ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, அவர் கோவில் பார்த்து, கடல் பார்த்து, படுத்து எழும்பி வந்தபிறகும் அந்தக் கடலை வயிற்றுக்குப் போயிருக்கவில்லை. அப்படியென்றால் அது எங்கே இருந்தது?

செல்லப்பனும் பார்த்துவிட்டார். "இது வாயு இல்ல அண்ணாச்சி. இத வச்சுட்டு நீங்க பிளேன் ஏறப்பிடாது பாத்துக்கிடுங்க" என்றார். மச்சான் முகத்தைத் துடைத்தபடி, "எனக்கு ஒண்டுமில்லை. இது இடைக்கிடை வாறதுதான்" என்றார். எனக்கு அதுவும் புதுச் செய்தி. இடைக்கிடை வருமாம். யாருக்கும் சொன்னதில்லை.

செல்லப்பன் தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியருடன் பேசி அடுத்த நாளுக்கு நேரம் வாங்கினார். வைத்தியர் ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ். தாதிகளோடு மலையாளம், தொலைபேசியில் ஆங்கிலம், எங்களோடு தமிழ் என்று மூன்றையும் இடறாமல் பேசினார்.

"எத்தன வருசமாட்டு இப்பிடித் தண்ணி ஊத்தி எறக்குதீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். "ஒரு பதினைஞ்சு வருசம் இருக்கும் டொக்டர்."

"பதினஞ்சா!" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "படுத்தா இருமல் வருமா?"

"ஓம். அது முட்டு. அதுக்கு மருந்து அடிக்கிறனான்."

"அது முட்டுதான்னு எனக்குத் தோணல்ல. பாப்போம்."

சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வைத்தியர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். ஒரு விரல் பருமனில் இருக்க வேண்டிய உணவுக்குழாய் மச்சானுக்கு ஒரு நீளப் பையாகப் பெருத்துக் கிடந்தது. அடியில் மட்டும் குருவியின் சொண்டு மாதிரிக் கூராக ஒடுங்கியிருந்தது.

"கொழாய் முடியுத எடத்துல ஒரு வாசல் உண்டு. நாம விழுங்கினா அது தொறக்கணும். ஒங்களுக்கு அது தொறக்கல்ல. சோறு மேலயே நிக்கும். நெறைஞ்சு, பாரம் தாங்காம கொஞ்சம் கொஞ்சமா ஒழுகி எறங்கும். படுத்தா மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போவும். அதாக்கும் ஒங்க இருமல்."

இத்தனை காலம் அவர் மூச்சுக்கு மருந்தடித்தது சோற்றுத் தண்ணீருக்கு! ஆனால் மச்சான் வெளியே வந்ததும் உற்சாகமாகிவிட்டார். "வாசல் திறக்கேல்லை எண்டால் திறந்து விடுறதுதானே? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்து போனன்." அவர் பயந்திருந்தார் என்பதையே அப்போதுதான் அறிந்தேன்.

உள்ளே கமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை தண்ணீர்ச் சாப்பாடு மட்டும் என்று உத்தரவு. மாமி பருப்பை வேகவைத்து வடித்த தெளிவும், மோரும், அரித்த கஞ்சியும் கொடுத்தார். மச்சான் தெளிவை வாயில் வைத்துப் பார்த்து, "மாமி, சீரகம் கருகிப்போச்சுது" என்றார். மாமி அசரவில்லை. "கருகலை. எங்காத்துப் பாகம் அதாக்கும். குடியுங்கோ" என்றார். அடுத்த வேளை சீரகம் கருகாமல் வந்தது.

கமரா விடுகிற அன்று ஹர்த்தால். எங்கள் ஊரிலும் அதே சொல்தான். ஆனால் எங்களிடம் ஹர்த்தால் என்றால் தெருவில் காகம்கூடத் தயங்கும். இங்கே நடுவீதியில் பெரியவர்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ இல்லை, பஸ் இல்லை. செல்லப்பன் ஸ்கூட்டரின் முன்னால் 'ஆஸ்பத்திரி' என்று மலையாளத்தில் எழுதிய தாளை ஒட்டிக்கொண்டு வந்து, மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். நான் நடந்தேன். வழியில் கொடி பிடித்து நின்ற ஒருவர் என்னை மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்றேன். "அப்படியென்றால் இந்தக் குறுக்கு ஒழுங்கையால் போங்கள், கிட்ட" என்று மலையாளத்தில் சொல்லி வழிகாட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழாய் விட்டு உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் தண்ணீர்ச் சாப்பாட்டில் இருந்தும் போத்தல் நிறைந்தது. தாதி முகமூடியை இழுத்து மூக்குவரை மூடினார். என்னை உள்ளே நிற்கவிட்டிருக்கக் கூடாது, யாரும் தடுக்கவில்லை. திரையில் தெரிந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். சுவர் இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது வெளுத்துத் தடித்து, தண்ணீரில் நாட்கணக்கில் ஊறிய பாதத்துத் தோல் மாதிரி இருந்தது. அங்கங்கே வெடிப்பு, அங்கங்கே சிவப்பு. இந்தச் சுவரின் மேலேதான் அந்த மனிதர் உலகத்து ருசியையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓரிடத்தில் வைத்தியரின் கை நின்றது. சின்னதாக ஒரு மேடு, சுற்றியிருந்ததைவிடக் கடும் சிவப்பு. கிள்ளிக் கிள்ளிப் பல துண்டுகள் எடுத்தார்.

மச்சான் தெளிந்து எழுந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அண்ணாச்சி, ஒங்க கடையில சாம்பார் வச்ச பாத்திரத்த கழுவாம மூடி வச்சா என்ன ஆவும்?"

"புளிச்சுப்போம். நுரைக்கும்."

"எதனால?"

"கிருமி."

"அதேதான். கிருமிக்குச் சோறு வேணும், ஈரம் வேணும், எளஞ்சூடு வேணும். கழுவிக் களைய ஆளு இருக்கப்பிடாது. ஒங்க நெஞ்சுக்குள்ள எல்லாம் இருந்துது. அது தின்னுட்டுச் சும்மா கெடக்காது. புளிப்ப உண்டாக்கும், வேற விஷமும் உண்டாக்கும். கொழாயோட உள்தொலி ராப்பகலா அதுல ஊறிட்டே கெடக்குது. அதான் இப்பிடிப் பழுத்து வீங்கிக் கெடக்குது."

மச்சானுக்குப் பிடிபட்டுவிட்டது. "தோசை மாப் புளிக்கிற மாதிரி."

"ஆமா. ஆனா மாவ நீங்க நேரத்துக்கு எடுத்துச் சுட்டிருவிய. இத யாரும் எடுக்கல்ல."

சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போக வேண்டும் போலவும் இருந்தது. அந்தச் சிவப்பு மேடு என்ன என்று கேட்டேன். "துண்டு எடுத்து அனுப்பியிருக்கு. வரட்டும். அதுக்கு முன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இதற்கிடையில் ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வருகிறவரை கழிந்த நாட்கள்தான் கொடுமை. சும்மா இருக்க மச்சானால் முடியவில்லை. என்னைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இழுத்துப்போனார். தனக்கு மோர் மட்டும் சொல்லிவிட்டு எனக்கு முழுச் சாப்பாடு சொன்னார். இலையில் ஓலன் வைத்தார்கள், காளன் வைத்தார்கள். "சாப்பிடு. சாப்பிட்டுச் சொல்லு. இதிலை மிளகோ, பச்சை மிளகாயோ? தேங்காய்ப்பால் முதற்பாலோ?" நான் வாயில் போட்டேன். மென்றேன். விழுங்க முடியவில்லை. அந்த வெளுத்த சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது. "மிளகாய் போலத்தான் கிடக்கு" என்றேன். "போலவோ? சரியாச் சொல்லு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்குத்தான் அடைத்தது, நல்ல வாசல் உள்ள எனக்கு.

முடிவு வந்த அன்று வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, அது புத்துநோயாக்கும்."

நான்தான் கத்தினேன். "அதெப்படி டொக்டர்? வாசல் திறக்காத வருத்தம் எண்டுதானே சொன்னீங்கள்? கிருமி எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஆமா. அதுலேந்துதான் இது." என் சத்தத்துக்கு அவர் சத்தம் உயரவில்லை. "தொலி புண்ணாவும், ஆறும், மறுபடியும் புண்ணாவும். ஒவ்வொரு தடவ ஆறும்போதும் புதுசா செல்லு முளைக்கணும். இத்தன வருசமா நிக்காம முளைச்சிட்டிருந்தா, எப்பயாவது ஒண்ணு தப்பா முளைக்கும். அத அடக்க முடியாம போவும். இந்த வாசல் நோய் உள்ள எல்லாருக்கும் இப்பிடி வராது, கேட்டியளா. கொறச்சு பேருக்குத்தான் வரும். கிருமி மட்டும்தான் காரணம்னும் நான் சொல்ல மாட்டேன். நீங்க போடுத வெத்தல, பொகயில, அதுக்கும் பங்கு இருக்கும். எதுக்கு எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

புற்றுநோய் என்றால் எங்கிருந்தோ வந்து விழுகிற இடி என்றுதான் நினைத்திருந்தேன். இது இடி இல்லை. பதினைந்து வருடம், வேளைக்கு வேளை, எங்கள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அவர் வளர்த்த ஒன்று. நாங்கள் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம்.

"சின்னதாட்டுத்தான் இருக்கு" என்றார் வைத்தியர். "ஸ்கேன்ல வேற எடத்துக்குப் போன மாதிரித் தெரியல்ல. நேத்து அந்தச் சோறு அடைக்காம இருந்தா நீங்க ஊருக்குப் போயிருப்பிய. அப்புறம் வரும்போது நேரம் போயிருக்கும். ஆனா ஆபரேசன் பெருசு. கொழாய எடுத்துட்டு இரைப்பைய மேல இழுத்துத் தைக்கணும்."

'நேத்து' இல்லை, ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். எவ்வளவு அற்பமான நினைப்பு.

மச்சான் முதன்முறையாக வாயைத் திறந்தார். "டொக்டர், எனக்கு ருசி தெரியுமோ?"

வைத்தியருக்கு உடனே புரியவில்லை. பிறகு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "நாக்குக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. ருசி எல்லாம் தெரியும்."

"அப்ப வெட்டுங்கோ" என்றார்.

வெளிநாட்டுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பூமணியக்காவுக்குச் சொன்னது நான். பூமணியக்கா மச்சானின் மனைவி. அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை, கேட்டார். "தம்பி, அவரின்ரை தலகணியிலை விடியக்காலமை மஞ்சளாக் கறை இருக்கும். புளிச்ச மணம். நான் வாயிலை வடியிற வீணியெண்டு நினைச்சுத் தோய்ச்சுத் தோய்ச்சுக் காயப்போட்டனான். எத்தினை வருசம்! அது சோத்துத் தண்ணியே தம்பி?" மச்சான் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, "நீ வெளிக்கிட்டு வா. பயப்பிடாதை. இஞ்சை மாமி ஒராள் இருக்கிறா, நல்லாப் பாக்கிறா. சீரகம்தான் கொஞ்சம் கருக்குவா" என்றார்.

பூமணியக்கா வந்தார். மாமி அவரைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், மற்றவர் மலையாளம் கலந்த அக்கிரகாரத் தமிழ். சமையலறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் சொன்னதில் மற்றவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. "விஷமிக்காதேங்கோ" என்றார் மாமி ஒரு தரம். குறும்பு செய்யாதே என்கிறாராக்கும் என்று பூமணியக்கா விழித்தார். கவலைப்படாதே என்று அர்த்தமாம்.

சத்திரசிகிச்சை காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை போனது. செல்லப்பன் கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வைத்தியர் வெளியே வந்தபோது தலையில் கட்டிய துணியோடேயே வந்தார். "முடிஞ்சு. நல்லாட்டு எடுத்தாச்சு" என்றார். பூமணியக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியவில்லை.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. காய்ச்சல் வந்தது. நெஞ்சில் நீர் கட்டியதென்று குழாய் போட்டார்கள். இரண்டு நாள் மச்சான் எங்களை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு மெல்லத் தேறினார். வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவு வந்தது. பக்கத்து நெறிக்கட்டிகளில் நோய் இல்லை என்று வைத்தியர் சொன்னார். "பயம் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வருசா வருசம் வந்து காட்டணும். ஆனா நீங்க ஊருக்குப் போவலாம்."

தையல் ஆறிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து உறுதியான பிறகு, ஒரு காலையில், வாயால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மாமி செய்து அனுப்பிய கஞ்சி. தாதி கட்டிலை நிமிர்த்தி, ஒரு கரண்டி அள்ளி மச்சானிடம் நீட்டினார்.

வாயில் வாங்கினார். அவர் பழக்கப்படி நாக்கில் வைத்து ருசி பார்த்தார். கண்ணை மூடி விழுங்கினார். விழுங்கியதும் வலது கை தானாக எழுந்தது. மார்பை நிமிர்த்தப் பார்த்தார். தையல் இழுத்தது. வலது கை தலைவரை போய் அங்கேயே நின்றது. தண்ணீருக்காக இடது கை மேசையைத் துழாவியது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை. கையைத் தூக்கியபடியே, எதையோ காத்திருப்பவர்போல இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் சந்தோஷமில்லை. முழுத் திகைப்பு. புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"போட்டுது" என்றார்.

"எந்தா?" என்று மலையாளத்தில் பதறினார், பாஷை புரியாத தாதி. நான் விளக்கினேன், இறங்கிவிட்டது என்கிறார் என்று.

மச்சான் என்னைப் பார்த்தார். கையை மெல்ல இறக்கினார். பிறகு, ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

"மச்சான், உங்களுக்கெல்லாம் எப்பவும் இப்பிடித்தானோ இறங்கிறது?"